கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு

பெரிய இலைச் செடிகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வெயில் கூடாது. காட்டில் உயர்ந்த மரங்களின் அடியில் பிறந்து வளர்ந்த சாதி அவை. உச்சி வெயில் கொஞ்ச நேரம் நேராகப் பட்டால் இலையின் நடுவில் பழுப்பாகக் கருகிவிடும். இருட்டிலும் விட முடியாது. இலை சிறுத்து, காம்பு நீண்டு, செடி ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெளிச்சத்தை வீட்டுக்குள் வரவழைக்க இன்று விளக்கெல்லாம் வாங்குகிறார்கள். தங்ளின் ஹால்ட்டில், எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில், அது சும்மா கிடைத்தது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் தெரியும். மாடி முழுக்க ஒரே நீளம். ஒரு பக்கம் வரிசையாக வீட்டு வாசல்கள், மறுபக்கம் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. மேல்மாடியின் தாழ்வாரம் எங்களுக்குக் கூரை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக வடக்கே இருப்பதால், வருடத்தில் பாதி நாள் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், பாதி நாள் தெற்குப் பக்கமாகப் போகும். எங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. ஏப்ரல் பிறந்தால் வெயில் சுவரைத் தாண்டி உள்ளே விழும். தொட்டிகளை வாசல் பக்கம் ஒதுக்க வேண்டும். அக்டோபரில் மறுபடி சுவரோரம் தள்ள வேண்டும். சித்திரை வருடப்பிறப்புக்கு உள்ளே இழுப்பதும் தீபாவளிக்கு முன்னால் வெளியே தள்ளுவதும் எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான வேலை. தன் தொட்டியை மட்டும் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர் யாரும் அங்கே இல்லை.

தங்ளின் ஹால்ட், குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் 1960களின் தொடக்கத்தில் வீவக எழுப்பிய பேட்டை. பக்கத்திலேயே தொழிற்பேட்டை, செட்ரான் தொலைக்காட்சிப் பெட்டிகள் அங்கேதான் பூட்டப்பட்டன. அந்தப் பக்கத்துப் பத்து மாடிக் கட்டடங்களை ஹொக்கியன் பேசுகிறவர்கள் ‘சாப் லாவ் சூ’ என்பார்கள். 1967இல் வந்த ஒரு வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அடுக்குமாடிகளைக் காட்டி, “இது நம்ம இடம்” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். காமன்வெல்த் டிரைவில் கூடாரக் கூரை போட்ட தேவாலயம். அதை ஒட்டி ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 1932இல் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் தண்டவாளத்துக்கு அருகே வைத்துக் கும்பிட்ட சாமி அது. இப்போதிருக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1998இல்.

தண்டவாளம் எங்கள் புளோக்குக்குப் பின்னால்தான் ஓடியது. தஞ்சோங் பகாரில் கிளம்பி ஜோகூர் பக்கம் போகும் மலாயா ரயில். வண்டி கடக்கும்போது தாழ்வாரத்தில் இருக்கிற இலை அத்தனையும் ஒரே நேரத்தில் நடுங்கும். விருந்தாளிகள் திடுக்கிடுவார்கள். எங்களுக்கு அது கடிகாரம். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அம்மா அடுப்பில் சாதத்தை வைப்பார், அப்பா துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பிள்ளைகள் மக்சிக் என்போம், அம்மா ‘காக்’ என்று கூப்பிடுவார். ஜோகூரில் பொந்தியான் பக்கம் பிறந்தவர். வலப்பக்கம் இரண்டு வீடு தள்ளி ஒரு சீனப் பாட்டி; எல்லோருக்கும் அவர் ஆ சோ. தாழ்வாரத்தின் கடைசி வீட்டில் ரயில்வே தாத்தா. புகைவண்டி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வந்தபோது தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. இந்த மூன்று பேரோடும் நின்று பேசிப் பேசியே பசார் மலாய் என்கிற சந்தை மலாயைக் கற்றுக்கொண்டார். அந்தப் பேச்சில் பாதி செடிப் பேச்சு. எது வாடுகிறது, எதற்குத் தண்ணீர் அதிகம், எதில் பூச்சி. அம்மா தெரிந்துகொண்ட முதல் மலாய்ச் சொற்களில் இலை, வேர், மண் மூன்றும் இருந்திருக்கும்.

மக்சிக்கிடம் கெலாடி. கலேடியம் என்று நர்சரிகளில் சொல்வார்களே, அதுதான். ரோஜா நிறத்தில் பச்சை ஓரம் வைத்தது, வெள்ளையில் சிவப்பு நரம்பு ஓடியது, மெழுகு தேய்த்தது போன்ற பளபளப்புள்ளது என்று வாசலே தெரியாத அளவுக்கு வைத்திருந்தார். நடுவில் ஒரு பெரிய மண் தொட்டியில் யானைக்காது அலோகேசியா. அதன் ஓர் இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் கீழே கடைக்கு ஓடியிருக்கிறேன். ஆ சோவிடம் டிஃபன்பேக்கியாவும் ஒரு பறவைக்கூட்டுப் பெரணியும். ரயில்வே தாத்தாவிடம் மணிபிளாண்ட், தென்னை நார் சுற்றிய கம்பத்தில் ஏற்றிவிட்டது. எங்கள் வீட்டில் மான்ஸ்டெரா. இதில் அந்தப் பெரணி ஒன்றுதான் சிங்கப்பூர் மண்ணுக்குச் சொந்தம். மான்ஸ்டெராவுக்கு ஊர் மெக்சிகோவின் தென்பகுதி. கலேடியமும் டிஃபன்பேக்கியாவும் தென் அமெரிக்கப் பக்கம். அந்த நாளில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அலோகேசியா எங்கள் ஊர்ச் சேம்புக்குச் சொந்தக்காரன் என்பதை மட்டும் அம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்.

டிஃபன்பேக்கியாவும் அதே சொந்தம் என்பது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆ சோவின் பேரன் தவழ்கிற வயதில் டிஃபன்பேக்கியாவின் காம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வாயில் வைக்கப் போகிற சமயம் அம்மா பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். முறிந்த காம்பில் கசிந்த பாலை விரலில் தொட்டு, தேய்த்துப் பார்த்து, “இது அரிக்கிற சாதி” என்றார். மன்னார்குடியில் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நறுக்கிப் பழகிய கை. கருணையைப் புளியில் வேக வைத்துத்தான் மசிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் தடித்துவிடும் என்பது எங்கள் வீடுகளில் சிறு பெண்ணுக்கும் தெரியும். சேம்பு, கருணை, அலோகேசியா, டிஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா, மணிபிளாண்ட் எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும்; கடித்தால் அந்த ஊசிகள் வாயில் குத்தும். டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போவதும் உண்டு. அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அன்றைக்கு மாலையே தாழ்வாரத்தில் எந்தெந்தச் செடி அரிக்கும் என்று வீடு வீடாகக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார். டிஃபன்பேக்கியா ஆ சோவின் ஜன்னல் கட்டைக்கு ஏறியது. அதற்குப் பிறகு செடி விஷயத்தில் அம்மாவின் பேச்சுக்கு அந்த மாடியில் தனி மதிப்பு.

எங்கள் மான்ஸ்டெராவைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புது இலை சுருட்டி வைத்த பாயாக, பழைய இலையின் காம்புக்குள்ளிருந்து கிளம்பும். வெளிர் பச்சை, தொட்டால் ஈரத் துணியின் மென்மை. பகலில் பார்த்தால் அசைவு தெரியாது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது விரல் நீளம் பிரிந்திருந்தது, திரும்பி வரும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்திருக்கும். பிரிகிறபோதே ஓட்டைகளும் கீறல்களும் அதில் இருக்கும். விரிந்த பிறகு ஏற்படுவதில்லை. சின்னச் செடியின் இலையில் ஓட்டையே வராது, முழு இதயமாக இருக்கும். செடிக்கு வயதாகி, வெளிச்சமும் பிடித்து ஏற ஒரு கம்பமும் கிடைத்த பிறகே கிழிய ஆரம்பிக்கும். முதன்முதலில் ஓட்டையோடு ஓர் இலை வந்தபோது ரயில்வே தாத்தா வந்து பார்த்து, “பெரிய மனுசி ஆயிட்டா” என்று சொல்லி அம்மாவிடம் சர்க்கரை கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த ஓட்டைகள் எதற்கு என்று கிறிஸ்டோபர் மியூர் என்ற உயிரியலாளர் 2013இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அடர்ந்த காட்டின் தரைக்கு வெயில் துண்டு துண்டாகத்தான் இறங்கும். அதே அளவு இலைப் பரப்பை ஓட்டைகளோடு அகலமாக விரித்துவைத்தால் எங்காவது ஒரு வெயில் துண்டு படுவது நிச்சயமாகிறது. ஒரு நாள் விருந்து, ஒரு நாள் பட்டினி என்று செடி கிடக்க வேண்டியதில்லை. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தாழ்வாரத்துச் சுவரில் கொடித்துணிகளுக்கு நடுவே விழுந்த வெயில் ஞாபகத்துக்கு வந்தது. துணி காயப்போடுகிற மூங்கில் கழிகளின் நிழல் நகர நகர, இலைமேல் வெளிச்சம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

விடிகாலையில் பெரிய இலைகளின் நுனியில் ஒவ்வொரு சொட்டு நீர் தொங்கும். அலோகேசியாவில் அதிகம், மான்ஸ்டெராவிலும் உண்டு. இரவில் காற்று ஈரமாக இருக்கும்போது இலை வழியாக ஆவி போகாது. வேர் உறிஞ்சி மேலே தள்ளுகிற நீர், இலை விளிம்பில் இருக்கும் துளைகள் வழியாக வெளியே வருகிறது. மக்சிக் சுபுஹ் தொழுகைக்கு எழுந்து, முடிந்ததும் நேராகத் தாழ்வாரத்துக்கு வருவார். சொட்டு எந்த இலையில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துக்கொண்டே போவார். சொட்டு இல்லாத செடிக்குத்தான் அன்றைக்குத் தண்ணீர். அவ்வளவு துல்லியமாகத் தண்ணீர் ஊற்றத் தெரிந்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

செடிகளின் சாப்பாடு அடுப்படியிலிருந்து வந்தது. அரிசி கழுவிய தண்ணீர் எல்லா வீட்டுக்கும் பொது. முட்டை ஓடு, காப்பித் தூள் சக்கை, மீன் கழுவிய தண்ணீர். ஆ சோ மிச்சமான பீரில் பஞ்சை நனைத்து இலைகளைத் துடைப்பார், பளபளவென்று இருக்கும். மக்சிக் வீட்டில் பீர் கிடையாது, அவர் வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தால் துடைத்து அதே பளபளப்பைக் கொண்டுவருவார். இரண்டு பேருக்கும் இதில் போட்டி உண்டு. மண்ணுக்குத் ‘தானா பாக்கார்’, சுட்ட மண். களிமண்ணைப் புல், சருகு போட்டு எரித்துப் பொடித்தது; நீர் தேங்காது, புழு பூச்சி இருக்காது. தொட்டி வாங்கக் காசு செலவழித்தவர் யாருமில்லை. மைலோ டின், பிஸ்கட் டின், பெயிண்ட் டின், காது உடைந்த டிராகன் ஜாடி.

செடி கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. மான்ஸ்டெராவையும் மணிபிளாண்ட்டையும் எங்கே வேண்டுமானாலும் வெட்ட முடியாது. தண்டில் இலை கிளம்புகிற இடத்தில் கணு இருக்கும். அதன் எதிர்ப்பக்கம் பழுப்பு நிறத்தில் விழுது முளைத்திருக்கும். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். கணு இல்லாமல் இலையும் காம்பும் மட்டும் கொடுத்தால் தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர்கூட விடலாம், ஆனால் புது இலை ஒருநாளும் வராது. அப்படிக் கொடுப்பது பாவம் என்பார் அம்மா. அறுக்கிற கத்தியை முதலில் கொதிநீரில் காட்டுவார். தாய்ச்செடியில் வெட்டுப்பட்ட இடத்தில் சாமி மாடத்து விபூதியைத் தொட்டு வைப்பார். அறிவியலாகப் பார்த்தால் சாம்பல் ஈரத்தை உறிஞ்சிப் புண்ணை உலர்த்தும். அம்மா அதற்காக வைக்கவில்லை. துண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீருக்குப் போகும். வெள்ளை வேர் நாலைந்து எட்டிப் பார்த்த பிறகுதான் கேட்டவர் கைக்கு.

கேட்டால் கொடுக்கிற இந்த முறை மணிபிளாண்ட்டுக்குச் செல்லாது. அதைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடி வைத்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்று ஊர் நம்பிக்கை. அம்மா அதை அப்படியே நம்பினார். வந்த புதிதில் ரயில்வே தாத்தாவின் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், கேட்கவும் முடியவில்லை. தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் ஒரு சின்னக் கத்தரிக்கோலைத் தொட்டிமேல் வைத்துவிட்டு, “நான் கோயிலுக்குப் போறேம்மா. வர ஒரு மணி நேரம் ஆகும், வீட்டுல யாருமில்ல” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார். திரும்பி வந்து, குறைந்திருந்த கொடியைப் பார்த்து, “யாரோ திருடன் வந்திருக்கான் பாரு” என்று எங்கள் வாசலில் நின்று புலம்பினாராம். பிறகு இதே வழக்கத்தை அம்மா மக்சிக்குக்கும் சொல்லிக்கொடுக்க, எங்கள் மாடியில் மணிபிளாண்ட் திருட்டு என்பது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. கத்தரிக்கோல் வெளியே இருந்தால் வெட்டிக்கொள்ளலாம் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை இருட்டின பிறகு ஆ சோ வந்து மான்ஸ்டெராத் துண்டு ஒன்று கேட்டார். மறுநாள் காலை தம்பி வீட்டுப் புதுமனை விழாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா தவித்துப் போனார். இல்லையென்று சொல்லவும் மனமில்லை, கொடுக்கவும் கை வரவில்லை. கடைசியில் பாட்டிலோடு தாழ்வாரத்துச் சுவர்மேல் வைத்தார். தாழ்வாரம் எங்கள் வீடு இல்லை, அதனால் எங்கள் வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை. ஆ சோ அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அந்த ஏற்பாட்டின் நுணுக்கம் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சீனப் புத்தாண்டு வந்தால் ஆ சோ தன் செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டுவார். கட்டிவிட்டு, மிச்ச நாடாவோடு தாழ்வாரம் முழுக்க நடந்து எல்லார் செடிக்கும் கட்டிவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டு விளக்குகள் கெலாடிக்கு நடுவே எரியும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்தைத் தேக்காச் சந்தையில் வாங்கி வந்து அம்மா மான்ஸ்டெராக் கம்பத்தில்தான் சாய்த்துவைப்பார்.

செடி பகிர்ந்துகொள்வதில் இருக்கிற ஒரு நன்மையை ஆ சோவின் நோய்தான் எங்களுக்குக் காட்டியது. அவர் மருத்துவமனையில் கிடந்த சமயம், வீட்டில் யாரோ அக்கறையில் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி அவருடைய மான்ஸ்டெரா வேர் அழுகிச் செத்துவிட்டது. எங்களுடையதும் அந்த வருடம் மாவுப்பூச்சி பிடித்து மொட்டையாக நின்றது. ஆனால் ஆ சோவின் செடியிலிருந்து முன்பு ஒரு துண்டு மக்சிக்கிடம் போயிருந்தது. மக்சிக் அதில் வெட்டி வேர் பிடிக்கவைத்து, ஆ சோ வீடு திரும்பிய அன்று அவர் வாசலில் வைத்தார். ஆ சோ பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தட்டு மாண்டரின் ஆரஞ்சுகளோடு வந்தார். அதற்குப் பிறகு புதிதாக எது வாங்கினாலும் அது வேர் பிடித்ததும் ஒரு துண்டை அடுத்த வீட்டில் வைத்துவிடுவது எங்கள் மாடியில் பழக்கமானது. என்னுடையது போனால் உன்னிடம் இருக்கும்.

மணிபிளாண்ட்டைப் பற்றிப் பின்னாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறந்த இடம் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா என்கிற ஒரே ஒரு தீவு. அது பூப்பதே இல்லை என்று சொல்லலாம். தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூக்கத் தேவையான ஜிபரலின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தயாரிக்கும் மரபணு அதில் பழுதுபட்டிருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூவில்லை என்றால் விதையில்லை. உலகத்தில் ஜன்னலோரங்களில் தொங்குகிற மணிபிளாண்ட் எல்லாம் யாரோ வெட்டி யாருக்கோ கொடுத்தது. அந்தத் தீவிலிருந்து மன்னார்குடி வரைக்கும் கை மாறிக் கை மாறித்தான் அது வந்திருக்க வேண்டும். தாத்தாவின் கத்தரிக்கோல் அந்த வரிசையில் ஒன்று.

தாத்தா தண்டவாளத்தோரத்திலும் ஒரு துண்டை நட்டிருந்தார். ரயில் நிலத்தை ஒட்டிக் குடியிருப்பாளர்கள் பலர் வாழை, மரவள்ளி, கீரை போட்டிருந்தார்கள். தாத்தாவுக்கும் ஒரு பாத்தி. அதன் ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் மணிபிளாண்ட்டை ஏற்றிவிட்டார். தொட்டியில் கையளவு இருந்த இலை மரத்தில் ஏற ஏற முறம் அளவுக்குப் பெருத்து, விளிம்பு கிழிந்து, மான்ஸ்டெராவா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இந்தக் கொடி மேலே ஏறினால்தான் இலை பெரிதாகும்; கீழே தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். தாத்தா போன பிறகும் அது ஏறிக்கொண்டிருந்தது. 30 ஜூன் 2011 இரவு, ஜோகூர் சுல்தான் தாமே ஓட்டிச்சென்ற கடைசி வண்டியைப் பார்க்கத் தண்டவாளத்தின் இருபுறமும் கூட்டம் நின்றது. நானும் அம்மாவும் அந்த மரத்தடியில் நின்றோம். பிறகு தண்டவாளத்தைக் கழற்றினார்கள். இன்றைக்கு அது 24 கிலோமீட்டர் நடைவழி.

தாழ்வாரத்துக்கும் சட்டம் இருந்தது. தீ விபத்தென்றால் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். நியாயமான சட்டம். அப்பா ஒரு கயிற்றை அந்த நீளத்துக்கு வெட்டி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருந்தார், அளந்து பார்த்துக்கொள்ள. கொசு விஷயம் இன்னும் கண்டிப்பு. கொசு வளரவிடுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1968லேயே வந்துவிட்டது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் நிற்கக் கூடாது. அலோகேசியாவின் காம்பு தண்டோடு சேருகிற குழியிலும் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு நீர் போதும். மழை நின்றதும் மக்சிக் பெரிய செடிகளைச் சாய்த்துப் பிடிப்பார், நாங்கள் பிள்ளைகள் குழிகளில் துணித் திரியை விட்டு உறிஞ்சுவோம். டெங்கி எங்கள் மாடியில் யாருக்கும் வரக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம்.

2014 ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. பழைய புளோக்குகளை எடுத்துக்கொண்டு மாற்று வீடு தருகிற செர்ஸ் திட்டத்தில் தங்ளின் ஹால்ட்டின் 31 புளோக்குகள் எடுக்கப்படும், 3,480 வீடுகள். மாற்று வீடுகள் டாசன் பக்கத்தில். புது வீடு, புது மின்தூக்கி, 99 ஆண்டு குத்தகை மறுபடி முதலிலிருந்து. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணமில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் டாசனுக்கே போகவில்லை. மக்சிக் மகளோடு உட்லண்ட்ஸுக்குப் போனார். ஆ சோ அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவர் மகன் செங்காங்கில் வீடு வாங்கினார்.

அந்தக் கடைசி வருடங்களில் தாழ்வாரம் பட்டறையாகிவிட்டது. பெரிய செடியைப் புது வீட்டுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அம்மாவின் மான்ஸ்டெரா கம்பத்தையும் மீறிக் குழாய் வழியே மேல்மாடிக்கு எட்டிவிட்டிருந்தது. விழுதுகள் சுவரில் ஒட்டிக்கொண்டு பிய்த்தால் சுண்ணாம்போடு வந்தன. அம்மா ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கணுக் கணுவாக அறுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துணி நாடா. நாடாவில் பெயர் எழுதவில்லை, நிறம்தான். பச்சை மக்சிக்குக்கு, சிவப்பு ஆ சோவின் மகனுக்கு, மஞ்சள் கோயிலுக்கு, நீலம் எங்களுக்கு. கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த மியன்மார்ப் பையன்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கும் ஒன்று நீட்டினார். மக்சிக் கெலாடிக் கிழங்குகளைத் தோண்டி, மண் உதறி, நாளிதழில் மடித்து வீடு வீடாகக் கொடுத்தார். இலை உதிர்ந்து கிழங்கு தூங்குகிற சமயம் பார்த்துத்தான் எடுத்தார், அது அவருக்குத் தெரிந்த கணக்கு. “அம்பில் லா, அம்பில்”, எடுத்துக்கோ எடுத்துக்கோ என்று தயங்கியவர்கள் கையிலும் திணித்தார்.

அதற்குப் பிறகு சில வருடத்தில் இதே செடிகளுக்கு வந்த விலையைப் பார்த்து அம்மா பேச்சற்றுப் போனார். 2020இல் நோய்த்தொற்றுக்காக எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது பெரிய இலைச் செடி மோகம் உலகம் முழுக்கப் பரவியது. வெள்ளைப் பட்டை விழுந்த மான்ஸ்டெராவின் ஒரு கணுவை, இலையைக்கூட அல்ல, நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்றார்கள். 2021இல் நியூசிலாந்தில் இதே குடும்பத்து ராபிடோபோரா ஒன்று ஏலத்தில் 19,297 நியூசிலாந்து டாலருக்குப் போனது. விலை சீக்கிரமே இறங்கிவிட்டது. மோகத்தில் வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக ஓர் அறையில் அடைந்து கிடந்தவர்களுக்கு ஒரு புது இலை பிரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். விலை போட்ட துண்டு வாடினால் திரும்ப யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் என் கவலை.

டாசன் வீட்டில் எங்களுக்குத் தாழ்வாரம் குட்டி. நாலைந்து வாசல், ஒரு திருப்பம். நீல நாடாத் துண்டு இப்போது ஆளுயரம். எதிர்வீட்டு இளம் தம்பதி கதவைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பெண் ஒருநாள் அம்மாவிடம், “ஆன்டி, இது எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாள். அன்றைக்கே ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரியிலிருந்து இறங்கியது.

மக்சிக்கோடு அம்மா தொலைபேசியில் பேசுவது இன்னும் பசார் மலாயில்தான். சமீபத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கு. முதல் மான்ஸ்டெரா யாருடையது? அம்மா, ஆ சோ கொடுத்தது என்கிறார். மக்சிக், ஆ சோவுக்கே அது உங்கள் வீட்டிலிருந்துதான் போனது, சுவர்மேல் வைத்துக் கொடுத்தீர்களே என்கிறார். அது அவர் தம்பிக்கு என்று அம்மா. தம்பிக்குக் கொண்டுபோனதில் பாதியை ஆ சோ வைத்துக்கொண்டார் என்று மக்சிக். அப்பா, ரயில்வே தாத்தாதான் முதன்முதலில் ஸ்டேஷன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார் என்று நடுவில் புகுந்து குழப்பிவிட்டார். தீர்ப்பாகவில்லை. அதற்குள் மக்சிக்குடைய செடியில் பூஞ்சை விழுந்து தண்டு அழுகிவிட்டதாம். மாதக் கடைசியில் தேக்காவில் சந்திக்கிறார்கள். அவர் ரோஜா நிறக் கெலாடிக் கிழங்கு கொண்டுவருவார், அம்மா மான்ஸ்டெரா கொண்டுபோக வேண்டும்.

“இலையை எடுத்துடு, எம்ஆர்டியில கிழிஞ்சிடும்” என்றார் அம்மா, கத்தியை என்னிடம் கொடுத்து. “இரண்டு கணு இருக்கட்டும். விழுது இருக்கிற பக்கமாப் பார்த்து வெட்டு.”